வாங்கியது யாருக்காக? வோல்க்கர் விதி கேட்ட கேள்வி

2011 அக்டோபர் 11 அன்று அமெரிக்காவின் வங்கிக் கண்காணிப்பு அமைப்புகள் ‘வோல்க்கர் விதி’யின் வரைவை வெளியிட்டன. மொத்தம் 298 பக்கம். அதற்குள் வங்கிகளையும் பொதுமக்களையும் பார்த்து 1,300-க்கும் மேற்பட்ட கேள்விகள். விதி போட வேண்டியவர்கள் இத்தனை கேள்வி கேட்டால் பதில் சொல்வது யார்? இத்தனைக்கும் அந்த விதியின் சாரத்தை டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். மக்களிடம் டெபாசிட் வாங்கும் வங்கி, தன் சொந்த லாபத்துக்காகச் சந்தையில் பந்தயம் கட்டக் கூடாது. இப்படிப் பந்தயம் கட்டுவதற்குச் சொந்தக் கணக்கு வர்த்தகம் என்று பெயர். பெரும் பணக்காரர்களிடமும் நிறுவனங்களிடமும் பணம் திரட்டி முதலீடு செய்யும் ஹெட்ஜ் ஃபண்ட், பிரைவேட் ஈக்விட்டி போன்ற தனியார் நிதியங்களில் பெரிய அளவில் பணம் போடவும் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு வரி எப்படி 298 பக்கமாகப் பெருத்தது, பெருத்தது பிறகு எப்படி இளைத்தது என்று பார்த்தால், வங்கி என்ற தொழிலே கொஞ்சம் புரிய ஆரம்பிக்கிறது.

தடை ஏன் வங்கிக்கு மட்டும்? யார் வேண்டுமானாலும் தன் காசில் பங்கு வாங்கலாம், விற்கலாம், தோற்றால் அது அவர் பாடு. வங்கியின் சங்கதி வேறு. 1933-இல் வந்த சட்டத்திலிருந்து அமெரிக்காவில் டெபாசிட்டுக்கு அரசின் காப்பீடு உண்டு. இன்று ஒரு வங்கியில் ஒருவர் போட்ட பணத்தில் 2.5 லட்சம் டாலர் வரை பாதுகாப்பு. நெருக்கடி வந்தால் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்விடம் அவசரக் கடனும் கேட்கலாம். காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில், பணம் போட்டவர் வங்கி உள்ளே என்ன செய்கிறது என்று விசாரிப்பதில்லை. அதனால் வங்கிக்குப் பணம் மலிவாகக் கிடைக்கிறது. அந்த மலிவுப் பணத்தில் விளையாடி ஜெயித்தால் டிரேடருக்கு போனஸ், பங்குதாரருக்கு லாபம். பெரிதாகத் தோற்றால் பில் காப்பீட்டு நிதிக்குப் போகும், அப்புறம் வரி கட்டுகிறவர் தலையில் விழும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

இதே காரணத்துக்காகத்தான் 1933-இன் கிளாஸ்–ஸ்டீகல் சட்டம், டெபாசிட் வாங்கும் வங்கியையும் பங்குச் சந்தையில் புழங்கும் முதலீட்டு வங்கியையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தது. காலப்போக்கில் அந்தச் சுவர் உதிர்ந்துகொண்டே வந்தது. 1998-இல் சிட்டிகார்ப் என்ற வங்கியும் டிராவலர்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனமும் இணைந்தபோது சுவரில் கதவு வைத்தாயிற்று. 1999-இல் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட கிராம்–லீச்–பிளைலி சட்டம் மிச்சத்தையும் இடித்துவிட்டது.

2008 நெருக்கடியின் பெரிய கதை பலருக்கும் தெரியும். நம் விஷயத்துக்குத் தேவையானவை அதற்கு ஓராண்டு முன்பு நடந்த இரண்டு சம்பவங்கள். 2007 கோடையில் பேர் ஸ்டேர்ன்ஸ் நிறுவனம் நடத்திய இரண்டு ஹெட்ஜ் ஃபண்டுகள் வீட்டுக்கடன் பத்திரங்களில் மாட்டி மூழ்கின. அவற்றில் ஒன்றைத் தூக்கிவிட பேர் ஸ்டேர்ன்ஸ் 160 கோடி டாலர் கடன் கொடுத்தது. அப்படியும் இரண்டும் ஜூலை 31 அன்று திவாலாயின. அதே ஆண்டு டிசம்பரில் சிட்டி குழுமம், தன் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே வைத்திருந்த ஏழு முதலீட்டு அமைப்புகளின் 4,900 கோடி டாலர் சொத்துகளைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. சட்டப்படி அதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் வங்கியின் பெயரை நம்பித்தான் ஆட்கள் பணம் போட்டார்கள். கைவிட்டால் பெயர் கெடும், பெயர் கெட்டால் மற்ற தொழிலும் படுக்கும்.

தனியார் நிதியங்களில் வங்கி முதலீடு செய்வதை ஏன் தடுக்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டைவிட நல்ல விளக்கம் கிடையாது. போட்ட பணம் போவது சின்ன ஆபத்து. ஒப்பந்தத்தில் எழுதாத கடமை ஒன்று பின்னாலேயே வருவதுதான் பெரிய ஆபத்து. அதனால்தான் பிறகு வந்த விதி, முதலீட்டு அளவுக்கு வரம்பு போட்டதோடு நிற்கவில்லை. வங்கி தன் பெயரை நிதியத்துக்கு வைக்கக் கூடாது என்றது. நிதியம் தடுமாறினால் வங்கி கைகொடுத்துத் தூக்கக் கூடாது என்றும் சொன்னது. பெயர் வைப்பதற்குக்கூடத் தடையா என்று முதலில் படிக்கும்போது சிரிப்பு வரும். சிட்டி கதையைத் தெரிந்துகொண்டால் வராது.

பால் வோல்க்கர் 1979 முதல் 1987 வரை ஃபெடரல் ரிசர்வ் தலைவராக இருந்தவர். பணவீக்கத்தை அடக்க வட்டியை 20 சதவீதம் வரை போகவிட்டவர். ஆறடி ஏழங்குல உயரம். நிதிச் சந்தையின் புதுமைகள்மீது அவருக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. வங்கித் துறையில் தான் பார்த்த உருப்படியான கண்டுபிடிப்பு ஏடிஎம் மட்டும்தான் என்ற பொருளில் 2009 இறுதியில் அவர் பேசியது வங்கியாளர்களைச் சுட்டது. அந்த ஆண்டு ஜனவரியிலேயே, அவர் தலைமையில், உலக வங்கி, பொருளாதார நிபுணர்கள் அடங்கிய ‘முப்பதின்மர் குழு’ வெளியிட்ட அறிக்கை, பெரிய வங்கிகளின் சொந்தக் கணக்கு வர்த்தகத்துக்குக் கடிவாளம் போடச் சொல்லியிருந்தது. ஒபாமா அவரைத் தன் பொருளாதார மீட்பு ஆலோசனைக் குழுவின் தலைவராக்கினார். ஆனாலும் ஓராண்டு வரை அந்த யோசனை ஓரத்திலேயே கிடந்தது.

2010 ஜனவரி 19 அன்று மாசசூசெட்ஸ் மாநில செனட் இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் ஜெயித்து ஆளுங்கட்சியை அதிரவைத்தார். இரண்டு நாள் கழித்து, ஜனவரி 21 அன்று, வோல்க்கரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒபாமா இந்தத் தடையை அறிவித்தார். ‘வோல்க்கர் விதி’ என்று பெயரும் அவரே வைத்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், தேதிகளைப் பார்த்து நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம்.

ஜெஃப் மெர்க்லி, கார்ல் லெவின் என்ற இரு செனட்டர்கள் இதைச் சட்ட வாசகமாக்கினார்கள். 2010 ஜூலை 21 அன்று கையெழுத்தான டாட்–ஃபிராங்க் சட்டத்தின் 619-ஆவது பிரிவு இதுதான். செனட்டில் சட்டம் தேறியது 60-க்கு 39 என்ற வாக்கில். 60 இல்லாவிட்டால் விவாதத்தையே முடிக்க முடியாது. ஒவ்வொரு வாக்குக்கும் விலை இருந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த 60-இல் ஒன்று ஸ்காட் பிரவுனுடையது. அவர் பேரம் பேசியதில், தனியார் நிதியங்களில் வங்கி தன் அடிப்படை மூலதனத்தில் 3 சதவீதம் வரை போடலாம் என்ற சலுகை வந்தது. 3 சதவீதம் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். 10,000 கோடி டாலர் மூலதனம் உள்ள வங்கிக்கு அது 300 கோடி டாலர்.

நிதியங்கள் பக்கம் அதோடு ஓரளவு தெளிவு வந்தது. வர்த்தகம் பக்கம்தான் சிக்கல். சட்டம் தடையைச் சொன்ன கையோடு விலக்குகளையும் சொன்னது. வாடிக்கையாளருக்காகச் சந்தையில் வாங்கி விற்கும் மார்க்கெட் மேக்கிங் செய்யலாம். புதிய பங்குகளையும் பத்திரங்களையும் வெளியிட உதவலாம். இருக்கும் ஆபத்தைக் குறைக்க ஹெட்ஜிங் செய்யலாம். அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களை இஷ்டம்போல் வாங்கி விற்கலாம். இவற்றில் எதையும் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு, மார்க்கெட் மேக்கிங்கும் பந்தயமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒரு அரிசி மண்டிக்காரரை எடுத்துக்கொள்வோம். கிடங்கில் 200 மூட்டை பொன்னி இருக்கிறது. அடுத்த வாரம் சில்லறைக் கடைக்காரர்கள் வருவார்கள், கேட்டால் கொடுக்கச் சரக்கு வேண்டும் என்று வாங்கிப் போட்டிருந்தால் அது வியாபாரம். தீபாவளிக்குள் மூட்டைக்கு நூறு ரூபாய் ஏறும் என்று கணக்குப் போட்டு வாங்கியிருந்தால் அது ஊகம். கிடங்கைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு இரண்டும் ஒன்றேதான். மூட்டைமேல் நோக்கம் எழுதி ஒட்டியிருக்காது. உண்மையைச் சொன்னால், நல்ல மண்டிக்காரர் மனதில் இரண்டும் கலந்தே இருக்கும். விலை ஏறும் என்று தோன்றினால் 150 மூட்டைக்குப் பதில் 200 மூட்டையாக வாங்குவார். அந்த 50 மூட்டை எந்தக் கணக்கு?

பத்திரச் சந்தையிலும் இதுதான் நிலைமை. அரசுப் பத்திரமோ பிரபலமான பங்கோ என்றால் எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். ஒரு நடுத்தர நிறுவனத்தின் கடன் பத்திரம் நாள்கணக்கில் கைமாறாமல் கிடக்கும். ஓய்வூதிய நிதியம் ஒன்று அதை விற்க வந்தால், வாங்க வேறு ஆள் இல்லாதபோது வங்கி தன் காசைப் போட்டு வாங்கி வைத்துக்கொள்கிறது. இன்னொருவர் கேட்டு வரும்வரை அந்தப் பத்திரம் வங்கியிடம் இருக்கிறது, அதன் விலை ஏறலாம், இறங்கலாம். அந்த இடைவெளியில் வங்கி செய்வது சேவையா, பந்தயமா?

வங்கியாளர்கள் ஒவ்வொருவருக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும் என்று வோல்க்கர் செனட் குழுவின் முன்னால் வாதாடினார். தெரியும்தான். ஆனால் தனக்குத் தெரிவது ஒன்று, இன்னொருவருக்கு நிரூபித்துக் காட்டுவது இன்னொன்று. வரைவு விதியின் 298 பக்கமும் அந்த நிரூபிக்கும் வேலைக்காகத்தான். லாபம் எங்கிருந்து வந்தது, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்தா, விலை ஏற்றத்திலிருந்தா? எத்தனை நாள் கையில் இருந்தது? வாடிக்கையாளர் எவ்வளவு கேட்பார் என்று முன்கூட்டி எப்படிக் கணித்தீர்கள்? வங்கிகள் இதையெல்லாம் அளந்து எழுதி வைக்க வேண்டும் என்றது வரைவு. 60 நாளுக்குள் வாங்கி விற்றால் அது சொந்தக் கணக்கு வர்த்தகம் என்றே முதலில் கருதப்படும், இல்லை என்று வங்கிதான் நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. நோக்கத்தைப் பார்க்க முடியாதபோது நாட்களை எண்ணுகிறார்கள்.

வோல்க்கருக்கே இது பிடிக்கவில்லை. தன் கையில் விட்டிருந்தால் நாலு பக்கத்தில் முடித்திருப்பேன், தடையைச் சொல்லிவிட்டு அதற்கு வங்கித் தலைவரையும் இயக்குநர் குழுவையும் பொறுப்பாக்கியிருப்பேன் என்று அப்போது ஆதங்கப்பட்டார். அழகான யோசனை. ஆனால் 298-ஐ எழுதியது அதிகாரிகளின் பேனா மட்டுமல்ல. ஒவ்வொரு விலக்கையும் கேட்டு வாங்கியது வங்கிகள். விலக்கு வந்தால் அதற்கு எல்லை வரைய வேண்டும், எல்லைக்கு விளக்கம் வேண்டும். பிறகு பக்கம் அதிகம் என்று புகார் சொன்னதும் அதே வங்கிகள்தான்!

வரைவுக்கு வந்த கருத்துகள் 18,000-க்கும் மேல். பெரும்பாலானவை ஒரே வாசகத்தில் அச்சடித்ததுபோல் வந்த கடிதங்கள். மீதி இருந்தவற்றில் இரண்டு வகையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, வால் ஸ்டிரீட்டை முற்றுகையிட்ட ‘ஆக்குப்பை’ இயக்கத்திலிருந்து வந்த ஒரு குழு. நிதித் துறையில் வேலை பார்த்து வெளியேறியவர்களும் அதில் இருந்தார்கள். பூங்காவில் கூடாரம் போட்டவர்கள் என்று கேலி செய்யப்பட்ட கூட்டத்திலிருந்து 325 பக்கத்துக்கு வரிக்கு வரி அலசிய கடிதம் வந்தது. விதியை இன்னும் இறுக்குங்கள் என்பது அவர்கள் கட்சி.

இன்னொன்று வெளிநாட்டு அரசுகள். அமெரிக்க அரசின் பத்திரத்துக்கு விலக்கு, எங்கள் பத்திரத்துக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். கனடா மத்திய வங்கியின் ஆளுநராக இருந்த மார்க் கார்னி, பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், ஜப்பான் அதிகாரிகள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அமெரிக்க வங்கிகள் தங்கள் அரசுப் பத்திரங்களை வாங்கி விற்பதைக் குறைத்துக்கொண்டால், தங்களுக்குக் கடன் வாங்கும் செலவு கூடும் என்ற பயம். கேள்வியில் நியாயம் இருந்தது. அரசுப் பத்திரம் ஆபத்தில்லாதது என்பதால் விலக்கா, அரசுக்குக் கடன் கொடுக்க ஆள் வேண்டும் என்பதால் விலக்கா? இறுதி விதியில் வெளிநாட்டுப் பத்திரங்களுக்கும் ஓரளவு இடம் விட்டார்கள்.

வாதம் இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது, 2012 மே 10 அன்று ஜே.பி. மோர்கன் வங்கி தன் லண்டன் அலுவலகத்தில் 200 கோடி டாலர் நஷ்டம் என்று அறிவித்தது. கடைசியில் அது 620 கோடிக்குப் போனது. சந்தையையே அசைக்கும் அளவுக்குப் பெரிய பந்தயம் என்பதால் அந்த டிரேடருக்கு ‘லண்டன் திமிங்கிலம்’ என்று பெயர். ஒரு மாதத்துக்கு முன்புதான் வங்கியின் தலைவர் ஜேமி டைமன், இது ஒன்றுமில்லாத சலசலப்பு என்று ஒதுக்கித் தள்ளியிருந்தார்.

தொகையைவிட, அந்த டிரேடர் இருந்த பிரிவின் வேலை என்ன என்பதுதான் இங்கே முக்கியம். கடன் கொடுத்தது போக மிஞ்சிய டெபாசிட், சுமார் 35,000 கோடி டாலர், அந்தப் பிரிவிடம் இருந்தது. அதைப் பாதுகாப்பாக முதலீடு செய்வதும், வங்கியின் ஆபத்தைக் குறைக்க ஹெட்ஜிங் செய்வதும் அதன் பொறுப்பு. 2012-இன் முதல் மூன்று மாதத்தில் அதன் கடன்சார் ஒப்பந்தங்களின் நிகர அளவு 5,100 கோடியிலிருந்து 15,700 கோடி டாலருக்கு வீங்கியது. கேட்டால் ஹெட்ஜிங் என்றார்கள். எந்த ஆபத்துக்கு எதிராக? ஒட்டுமொத்தமாக எல்லாவற்றுக்கும். வரைவு விதியில் இப்படிப்பட்ட ‘மொத்தத்துக்குமான’ ஹெட்ஜிங்குக்கு இடம் விடும் வாசகம் இருந்தது. லெவினும் மெர்க்லியும் அது ஓட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாக ஒரு திமிங்கிலமே போகும் என்று நிரூபிக்க வங்கியே முன்வந்தது. 2013 செப்டம்பரில் அது ஒப்புக்கொண்ட அபராதம் 92 கோடி டாலர்.

2013 டிசம்பர் 10 அன்று ஐந்து அமைப்புகள் சேர்ந்து இறுதி விதிக்கு ஒப்புதல் கொடுத்தன. ஹெட்ஜிங் என்றால் எந்தக் குறிப்பிட்ட ஆபத்துக்கு எதிராக என்று எழுதிக் காட்ட வேண்டும் என்றாயிற்று. பெரிய வங்கிகளின் தலைவர், விதியைக் கடைப்பிடிக்க ஏற்பாடு இருக்கிறது என்று ஆண்டுதோறும் கையெழுத்துப் போட வேண்டும். வோல்க்கரின் நாலு பக்கத்தில் ஒரு வரியாவது உயிரோடு வந்து சேர்ந்தது.

வந்த உடனே ஒரு கூத்து நடந்தது. சிறு வங்கிகள் திரட்டிய ஒருவகைக் கடன் பத்திரங்களை மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டைகளை மற்ற சிறு வங்கிகளே பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி வைத்திருந்தன. புதிய விளக்கத்தின்படி அவை ‘தனியார் நிதியம்’ என்ற வலைக்குள் விழுந்தன. விற்றே ஆக வேண்டும் என்பதால் நஷ்டத்தை உடனே எழுத வேண்டிய நிலை. யூட்டா மாநிலத்தின் ஸயன்ஸ் வங்கிக் குழுமம் 38.7 கோடி டாலர் நஷ்டம் எழுதப்போவதாக அறிவித்தது. வங்கியாளர் சங்கத்தினர் நீதிமன்றம் போனார்கள். ஐந்தே வாரத்தில், 2014 ஜனவரி 14 அன்று, அதிகாரிகள் அவற்றுக்கு விலக்குக் கொடுத்தார்கள். திமிங்கிலத்துக்கு வீசிய வலையில் முதலில் சிக்கியது நெத்திலி.

பெரிய வங்கிகள் விதி வரும்வரை காத்திருக்கவில்லை. கோல்ட்மன் சாக்ஸின் சொந்தக் கணக்கு வர்த்தகக் குழு 2010-லேயே கேகேஆர் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனத்துக்குப் போனது. மோர்கன் ஸ்டான்லி தன் கணினிவழி வர்த்தகப் பிரிவைத் தனி நிறுவனமாக வெளியே அனுப்பியது. ‘சொந்தக் கணக்கு’ என்று பலகை மாட்டிய மேஜைகள் அநேகமாகக் காலியாயின. மற்ற மேஜைகளில் உட்கார்ந்தவர்கள் எவ்வளவு மாறினார்கள் என்பதை வெளியிலிருந்து சொல்வது கஷ்டம். விதியைக் கடைப்பிடிப்பதில் கோட்டை விட்டதற்காக 2017-இல் டாய்ச்சு வங்கிக்கு 1.97 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அந்த வங்கிக்கு அது பேருந்துக் கட்டணம் மாதிரி.

சரி, இந்தப் பந்தயங்களால்தான் 2008 நெருக்கடி வந்ததா? இல்லை என்று விமர்சகர்கள் சொல்வதில் பெருமளவு உண்மை உண்டு. 2008-இல் விழுந்த முதலீட்டு வங்கிகளான லேமனும் பேர் ஸ்டேர்ன்ஸும் பொதுமக்களிடம் டெபாசிட் திரட்டிப் பிழைத்த வங்கிகள் அல்ல. பல வங்கிகளைக் கவிழ்த்தது சாதாரண வீட்டுக்கடன்தான். ஆனால் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2011-இல் ஒரு கணக்குப் போட்டது. ஆறு பெரிய வங்கிக் குழுமங்களின் சொந்தக் கணக்கு மேஜைகள், 2006 நடுவிலிருந்து 2010 முடியும்வரை, 13 காலாண்டுகளில் சுமார் 1,560 கோடி டாலர் சம்பாதித்தன. ஐந்து காலாண்டுகளில் சுமார் 1,580 கோடி இழந்தன. கூட்டிக் கழித்தால் 22.1 கோடி நஷ்டம். நல்ல காலாண்டுகளுக்குரிய போனஸ் திரும்பி வந்ததா என்று அந்தக் கணக்கில் இல்லை. நெருக்கடியின் காரணம் இது இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இப்படி ஒரு தொழிலுக்கு அரசின் காப்பீட்டு நிழல் எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என் வரையில் வோல்க்கரின் வாதம் இந்த இடத்தில் மட்டும் அசைக்க முடியாதது.

அப்புறம் காற்று மாறியது. 2018 மே மாதச் சட்டம், 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்தில்லாத, வர்த்தகமும் குறைவாக உள்ள சிறு வங்கிகளை விதியிலிருந்து விடுவித்தது. அவற்றுக்கு இந்த விதி ஆரம்பத்திலிருந்தே வீண் செலவு, விட்டது சரிதான். 2019 திருத்தம் வேறு ரகம். 60 நாள் கணக்கை அது தலைகீழாக்கியது. 60 நாளும் அதற்கு மேலும் கையில் வைத்திருந்தால் அது சொந்தக் கணக்கு வர்த்தகம் இல்லை என்றே இப்போது கருதப்படும். நிரூபிக்கும் சுமை அதிகாரியின் பக்கம் நகர்ந்தது. வோல்க்கர் 2019 டிசம்பர் 8 அன்று, 92 வயதில், இறந்தார். திருத்திய விதி 2020 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நிதியங்கள் பக்கமும் தளர்ந்தது: துணிகர முதலீட்டு நிதியங்கள், கடன் நிதியங்கள், குடும்பச் சொத்து நிதியங்கள் என்று சில வகைகள் தடைக்கு வெளியே வந்தன.

இரண்டரை ஆண்டு கழித்து, 2023 மார்ச் 10 அன்று, சிலிக்கான் வேலி வங்கி விழுந்தது. டெபாசிட்டாக வந்து குவிந்த பணத்தை அது போட்டு வைத்திருந்தது பெரும்பாலும் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களிலும் அரசு ஆதரவு பெற்ற வீட்டுக்கடன் பத்திரங்களிலும்தான். அதாவது, வோல்க்கர் விதி முதல் நாளிலிருந்தே விலக்களித்த சரக்கு. வட்டி ஏற ஏறப் பத்திரங்களின் விலை இறங்கியது, சுமார் 2,100 கோடி டாலர் பத்திரங்களை 180 கோடி நஷ்டத்தில் விற்றது வெளியே தெரிந்தது, மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை மக்கள் எடுத்துவிட்டார்கள். அந்த வார இறுதியில் அரசு, 2.5 லட்சம் வரம்பைத் தாண்டிய பணத்துக்கும் சேர்த்து, முழு டெபாசிட்டுக்கும் உத்தரவாதம் கொடுத்தது.